சாலைக்கு ஆகாத வண்டிக்கு எந்தச் சாலை?

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக விற்கப்படும் வண்டிகளில் பலவற்றைக் கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. வாங்கியவர் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். காற்றழுத்தம் குறைந்த உப்பிய டயர்களும் கைப்பிடியும் கொண்ட நான்கு சக்கர ஏடிவி, ஸ்டீயரிங்கும் இருக்கைப் பட்டையும் வைத்து இருவர் அருகருகே உட்காரும் யூடிவி, பனியில் ஓடும் ஸ்னோமொபைல், மணல்மேட்டு பக்கி எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. காசு கொடுத்தால் எதையும் வாங்கலாம். எங்கே ஓட்டலாம் என்று கேட்டால்தான் ஒற்றை விடை கிடையாது. நிலம் யாருடையது, மாநிலம் எது, ஊர் எது என்பதைப் பொறுத்து விடை மாறும். சில இடங்களில் அது எந்த மாதம், வண்டியின் அகலம் எத்தனை அங்குலம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு வண்டி சாலை வண்டியா இல்லையா என்பதை அதன் உருவம் தீர்மானிப்பதில்லை. மோதல் பாதுகாப்பு, விளக்கு, டயர், புகை என்று மத்திய அரசு வகுத்த தரங்களுக்கு உட்பட்டுத் தயாரானது சாலை வண்டி, அப்படித் தயாராகாதது சாலைக்கு வெளியே ஓடும் வண்டி. இதற்கு நல்ல உதாரணம் ஓர் இந்திய நிறுவனத்திடமிருந்தே கிடைக்கிறது. மஹிந்திரா 2018இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆபர்ன் ஹில்ஸில் ‘ராக்ஸர்’ என்ற வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. நம் சாலைகளில் ‘தார்’ என்ற பெயரில் ஓடிய ஜீப்தான் அதற்கு அடிப்படை. இங்கே பதிவெண்ணோடு எந்த நெடுஞ்சாலையிலும் ஓடக்கூடிய அந்த வண்டி, அங்கே மணிக்கு 72 கிலோமீட்டரைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தப்பட்டு, சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கான வண்டி என்று விற்கப்பட்டது.

இந்த வண்டிகளுக்கான விதிகள் வண்டிகளுக்குப் பின்னால்தான் வந்தன. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பம்பார்டியே 1959இல் ‘ஸ்கி-டூ’வைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பனிக்காலத்தில் நடந்தோ சறுக்கியோ மட்டுமே போக முடிந்த காடுகளுக்குள் எஞ்சின் சத்தம் அதோடு நுழைந்தது. ஹோண்டா 1970இல் மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. எளிதில் கவிழ்வதாகப் பெயரெடுத்த அந்த மூன்று சக்கர வகையின் விற்பனையை, 1988இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் நான்கு சக்கர வகை வேரூன்றிவிட்டது. சாலைக்கு வெளியே வண்டி ஓட்டும் அமெரிக்கர்கள் 1972இல் சுமார் 50 லட்சம் பேர் என்றும், 2000இல் 3.6 கோடிப் பேர் என்றும் அந்நாட்டு வனத்துறை கணக்கிட்டது.

அவர்களில் பலரும் ஓட்டுவது பொது நிலத்தில். அமெரிக்க நிலப்பரப்பில் கால் பங்குக்குச் சற்று மேல் மத்திய அரசுக்குச் சொந்தம். மேற்கு மாநிலங்களில் இந்தப் பங்கு இன்னும் பெரியது. யூட்டாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நெவாடாவில் ஐந்தில் நான்கு. இந்த நிலத்தை வனத்துறை, நில மேலாண்மைப் பணியகம், தேசியப் பூங்காத் துறை முதலியவை தங்களுக்குள் பிரித்து நிர்வகிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விதிப் புத்தகம் உண்டு. ஒரே பாலைவனத்தில் ஒரு மணி நேரம் போனால் மூன்று துறைகளின் எல்லைகளைக் கடந்துவிடலாம். நடுவில் வேலியும் இருக்காது, பலகையும் இருக்காது.

பொதுவான அடிப்படையை முதலில் போட்டவர் அதிபர் நிக்சன். 1972 பிப்ரவரி 8 அன்று அவர் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு துறையும் தன் நிலத்தில் வண்டி ஓட்டக்கூடிய இடங்களையும் கூடாத இடங்களையும் குறித்து அறிவிக்க வேண்டும் என்றது. குறிக்கும்போது மண், நீர்வழி, செடிகொடிகளுக்கு ஏற்படும் சேதத்தையும், காட்டுயிர்களுக்கு ஏற்படும் தொல்லையையும், நடந்து வருபவர்களோடு ஏற்படும் மோதலையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 1977இல் அதிபர் கார்ட்டர் இன்னொரு படி போனார். வண்டிகளால் பெரும் சேதம் நேர்வது தெரிந்தால் அந்த இடத்தை உடனே மூடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆணை.

காகிதத்தில் இது கடுமைதான். களத்தில் பல காடுகளில் நிலைமை தலைகீழாக இருந்தது. ‘மூடப்பட்டது’ என்று பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடமாகவே கொள்ளப்பட்டது. ஒரு வண்டி புல்வெளியைக் கடந்து தடம் பதிக்கும். அடுத்த வண்டி அதே தடத்தில் போகும். இரண்டு பருவத்துக்குள் அது பாதையாகிவிடும். பலகையை வண்டி ஓட்டுபவர்களே பிடுங்கி எறிந்தால், மூடிய பாதையும் திறந்ததாகிவிடும். யூட்டா, அரிசோனா போன்ற வறண்ட நிலங்களில் இது சாதாரணச் சேதம் அல்ல. அங்கே மண்ணின் மேல்தோலாக இருப்பது நீலப்பசும் பாசியும் லைக்கனும் பாசியினங்களும் பின்னிய உயிருள்ள ஓடு. காற்று மண்ணை அள்ளிச் செல்லாமல் காப்பது அதுதான். ஒரு டயர் நசுக்கிய ஓடு மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

காடுகளை அச்சுறுத்தும் நான்கு ஆபத்துகள் என்று அன்றைய வனத்துறைத் தலைவர் டேல் பாஸ்வர்த் பட்டியலிட்டபோது, காட்டுத்தீ, அந்நியத் தாவரங்கள், திறந்தவெளி இழப்பு ஆகியவற்றோடு கட்டுப்பாடற்ற பொழுதுபோக்கையும் சேர்த்துக்கொண்டார். 2005 நவம்பரில் வந்த புதிய விதி பழைய வழக்கத்தைப் புரட்டிப் போட்டது. திறந்தது என்று குறிக்கப்படாத இடமெல்லாம் மூடப்பட்டதே என்றாயிற்று. ஒவ்வொரு காட்டு அலுவலகமும் தன் எல்லைக்குள் எந்தச் சாலை, எந்தத் தடம், எந்த வகை வண்டிக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று வரைபடம் வெளியிட வேண்டும். அழகே இல்லாத கறுப்பு வெள்ளைத் தாள் அது. இலவசமாகக் கிடைக்கும். ஆனால் சட்டம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பலகையைப் பார்க்கவில்லை என்ற சாக்கு இனி எடுபடாது. வரைபடத்தில் இல்லாத தடத்தில் பிடிபட்டால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பொறுப்பை மரத்தில் அடித்த பலகையிலிருந்து ஓட்டுபவரின் சட்டைப்பைக்கு மாற்றியதுதான் இந்த விதியின் சாமர்த்தியம். பலகையைப் பிடுங்குவதில் இனி யாருக்கும் லாபமில்லை.

வரைபடத்தில் குறிக்கும் அகல வரம்பு வண்டிகளின் உடலமைப்பையே மாற்றியது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. பல காட்டுத் தடங்கள் 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் அகலத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டிருந்தன. ஏடிவிகளை மனத்தில் வைத்து எழுதிய அளவு அது. பொலாரிஸ் நிறுவனம் தன் ‘ரேஸர்’ யூடிவியை 2008ஆம் ஆண்டு மாடலாகக் கொண்டுவந்தபோது சரியாக 50 அங்குலத்தில் செய்தது. பின்னர் வந்த வேகமான மாடல்கள் 60 அங்குலத்தைத் தாண்டின. அவற்றை வாங்கியவர்களில் பலர், பழைய வண்டியில் போய்வந்த தடத்தின் வாசலில் நின்று திரும்ப வேண்டியிருந்தது.

நில மேலாண்மைப் பணியகத்தின் முறை வேறு. அது தன் நிலத்தைத் திறந்தவை, வரம்புக்கு உட்பட்டவை, மூடியவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. திறந்த நிலத்தில் தடமே தேவையில்லை, எந்தத் திசையிலும் ஓட்டலாம். தென்கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. ஆனாலும் அங்கே வண்டியில் நீண்ட கம்பி நட்டுக் கொடி கட்டியிருக்க வேண்டும். மேட்டின் மறுபக்கத்திலிருந்து ஏறிவருபவருக்கு வண்டி கண்ணில் படுவதற்கு முன் கொடி பட வேண்டும் என்பதற்காக. அங்கே வளரும் அரிய பருப்பினத் தாவரம் ஒன்றைக் காக்க சில பகுதிகள் மூடப்பட்டு, அவற்றின் எல்லை பற்றிப் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன.

தேசியப் பூங்காக்களில் கட்டுப்பாடு மிக அதிகம். சாலையை விட்டு வண்டி இறங்குவதென்றால், அதுவும் தேசியக் கடற்கரை, ஏரிக்கரை, பொழுதுபோக்குப் பகுதி போன்ற சில வகைகளில் மட்டும், அந்த இடத்துக்கென்றே சிறப்பு விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். வட கரோலினாவின் கேப் ஹாட்டரஸ் தேசியக் கடற்கரையில் அந்தச் சிறப்பு விதி நீண்ட காலம் எழுதப்படாமலே இருந்தது. தூண்டில்காரர்கள் தலைமுறைகளாக மணலில் வண்டி ஓட்டிப் போய் மீன் பிடித்தார்கள். அதே மணலில் உப்புக்கொத்தி இனத்துச் சிறு பறவைகள் முட்டையிட்டன, கடலாமைகள் இரவில் கரையேறின. ஆமைக் குஞ்சுகள் டயர் பதித்த பள்ளத்துக்குள் விழுந்தால் கடலை அடைவதற்குள் களைத்துப்போகும். சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன, 2008இல் இரு தரப்பும் இசைந்த நீதிமன்ற ஆணை வந்தது, 2012 பிப்ரவரியில் முறையான விதி அமலுக்கு வந்தது. வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், கூடு கட்டும் பகுதிகள் பருவத்தில் மூடப்படும், ஆமை வரும் மாதங்களில் இரவில் ஓட்டக் கூடாது. நிக்சனின் ஆணை அந்த ஒரு கடற்கரைக்குப் போய்ச் சேர நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளில் சண்டை ஒரே மாநிலத்தின் இரண்டு அமைப்புகளுக்கு இடையே நடந்தது. மாநிலப் பூங்காத் துறை அங்கே வண்டிகளை அனுமதித்து வந்தது. அவற்றை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று கரையோர ஆணையம் 2021இல் வாக்களித்தது. அந்த முடிவு ஆணையத்தின் அதிகாரத்தை மீறியது என்று 2023இல் நீதிமன்றம் ரத்து செய்தது.

பொது நிலங்களில் கதவுகள் இப்படி மெல்ல மெல்லச் சாத்தப்பட்ட அதே ஆண்டுகளில், சிற்றூர்கள் தங்கள் தெருக்களை இதே வண்டிகளுக்குத் திறந்துவிட்டன. காரணம் பணம்.

மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி நிலக்கரி நாடு. சுரங்கங்கள் ஆட்களைக் குறைக்கக் குறைக்க ஊர்கள் வெறிச்சோடின. 1996இல் மாநிலச் சட்டமன்றம் ஹாட்ஃபீல்ட்-மக்காய் தடங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. பெயர் அந்தப் பகுதியில் பரம்பரைப் பகையால் புகழ்பெற்ற இரண்டு குடும்பங்களுடையது. நிலக்கரி, மர நிறுவனங்களின் தனியார் நிலத்தில் தடங்கள் போடப்பட்டன. யாராவது விழுந்து அடிபட்டால் வழக்கு நிறுவனத்தின் மேல் வருமே என்ற பயம்தான் அதுவரை தடையாக இருந்தது. அந்தச் சுமையை இந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. முதல் தடங்கள் 2000இல் திறக்கப்பட்டன. இன்று மொத்த நீளம் 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் காட்டுக்குள் மட்டுமே ஓடும் வண்டியால் ஊருக்கு வருமானம் கிடையாது. பெட்ரோல் பங்குக்கும் உணவகத்துக்கும் விடுதி வாசலுக்கும் வண்டி வர வேண்டும். எனவே மேட்வான், கில்பர்ட் போன்ற ஊர்கள் தெருவில் ஏடிவி ஓட்ட இசைந்தன.

மாநிலச் சட்டமும் வளைந்துகொடுத்தது. நடுவில் கோடு போடப்படாத சிறு சாலைகளில் ஏடிவி ஓட்டலாம். நடுக்கோடு உள்ள சாலை என்றால் குறுக்கே கடக்கலாம். தங்குமிடத்துக்கும் தடத்துக்கும் இடையே போவதற்காக, சாலையோரமாக, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல், 16 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டவும் செய்யலாம். சாலைத் துறைக்காரர் தூரிகையால் இழுத்த ஒரு கோடு இங்கே சட்டத்தின் கோடாகிவிடுகிறது.

விஸ்கான்சினில் அதிகாரம் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. அங்கே சாலையில் ஏடிவி ஓட்டுவது பொதுவாகத் தடை. விவசாய வேலை, சாலையைக் கடப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் ஒரு டவுன் வாரியமோ கிராமமோ, மாவட்டம் போன்ற கவுண்டியோ தன் பொறுப்பில் உள்ள சாலையை ஏடிவி வழித்தடமாக அறிவித்து விதி இயற்றலாம். தடம் என்பது வண்டிகளுக்கென்றே அமைத்த காட்டுப்பாதை, வழித்தடம் என்பது கார்களும் லாரிகளும் ஓடும் சாலையே. வாரியத்தின் மாதக் கூட்டத்தில் சில பேர் கை தூக்கினால் ஒரு சாலை திறக்கும், அடுத்த ஆண்டு தேர்தலில் வேறு ஆட்கள் வந்தால் மூடும். இதன் விளைவாக ஒரு நேர்சாலை இந்த ஊரில் அனுமதிக்கப்பட்டதாகவும், எல்லையைத் தாண்டியதும் தடைசெய்யப்பட்டதாகவும் இருக்க முடியும். வெளியூர்க்காரர் வழித்தடப் பலகைகளைப் பார்த்தோ ஊர் அலுவலகத்தில் விசாரித்தோதான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுபவருக்கான நிபந்தனைகளை மட்டும் மாநிலமே வகுக்கிறது. 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயது நிரம்பாதவர், சில விலக்குகள் தவிர, பொதுத் தடங்களில் ஏடிவி ஓட்டக் கூடாது.

ஊர்கள் இப்படித் தெருக்களைத் திறப்பதை எதிர்ப்பவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் வண்டியைத் தயாரிப்பவர்கள்தான். ஏடிவியைத் தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது என்பது அவர்களுடைய உற்பத்தியாளர் கூட்டமைப்பின் நிலைப்பாடு, ஒவ்வொரு வண்டியின் எச்சரிக்கைச் சீட்டிலும் அது எழுதியிருக்கிறது. காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. உப்பிய மென்டயர் மண்ணில் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும், தாரில் பசைபோல் பற்றிக்கொள்ளும். பல வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழல்வதால், திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாக உருள முடியாது. எடை மையமும் உயரத்தில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வேகமான திருப்பத்தில் வண்டி கவிழும். ஏடிவி விபத்து மரணங்களில் பாதிக்கு மேல் சாலைகளில் நேர்வதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவ்வளவு தெரிந்தும் தெருவைத் திறக்கும் ஊர்கள் கூடிக்கொண்டே போகின்றன. பெட்ரோல் பங்கின் கல்லாப்பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது, ஆய்வறிக்கையின் அட்டவணை தெரிவதில்லை.

வருமானத்துக்காகத் திறந்த ஊர் அதன் விலையையும் கொடுக்க நேர்ந்ததற்கு யூட்டாவின் மோவாப் சாட்சி. சுமார் 5,000 பேர் வாழும் இந்த ஊர், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களின் வாசலில் இருக்கிறது. ஊரை ஒட்டியே செம்பாறைத் தடங்கள். யூட்டா சட்டப்படி கண்ணாடி, ஹாரன், திரும்பு விளக்கு பொருத்திப் பதிவு செய்த யூடிவி சாலையில் போகலாம். விடுதியிலிருந்து பாறைக்குப் போகும் வண்டிகளெல்லாம் குடியிருப்புத் தெருக்களின் வழியே உறுமிக்கொண்டு போயின. மக்கள் பொறுமை இழந்தார்கள். ஊரால் அவற்றை அப்படியே தடைசெய்ய முடியவில்லை, மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. 2021இல் மோவாப் நகரமும் கிராண்ட் கவுண்டியும் இரைச்சலுக்கு வரம்பு விதித்தன, வேகத்தைக் குறைத்தன. வாடகை வண்டிக்காரர்களும் ஓட்டுநர் அமைப்புகளும் நீதிமன்றம் போனார்கள்.

அதே ஆண்டு இன்னொரு விவகாரமும் எழுந்தது. தேசியப் பூங்காச் சாலைகள் வண்டி விஷயத்தில் பொதுவாக மாநிலச் சட்டத்தைப் பின்பற்றுபவை. மாநிலம் யூடிவியைச் சாலை வண்டியாக ஏற்றுக்கொண்டதால் பூங்காவும் ஏற்க வேண்டும் என்று கோரிக்கை வந்தது. 2021 நவம்பர் 1 முதல் யூட்டாவின் தேசியப் பூங்காச் சாலைகளில் அவற்றை அனுமதிக்கலாம் என்று பூங்காத் துறையின் வட்டார அலுவலகம் செப்டம்பரில் குறிப்பு அனுப்பியது. எதிர்ப்பு வலுத்தது. நாள் வருவதற்குள், அக்டோபரிலேயே, குறிப்பு திரும்பப் பெறப்பட்டது.

உள்ளூருக்கும் மத்திய அரசுக்குமான சண்டை இதைவிடச் சூடாக நடந்தது மோவாபுக்குத் தெற்கே, சான் ஹுவான் கவுண்டியில். அங்குள்ள ரீகாப்சர் பள்ளத்தாக்கில் பழங்குடியினரின் பண்டைய குடியிருப்புத் தடயங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றைக் காக்க நில மேலாண்மைப் பணியகம் 2007இல் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடியது. எங்கள் மண்ணின் வழியை வாஷிங்டன் மூடுவதா என்று 2014 மே மாதம் கவுண்டி ஆணையர் ஃபில் லைமன் தலைமையில் ஏடிவி ஊர்வலம் ஒன்று உள்ளே போனது. லைமன் குற்றவாளி எனத் தீர்ப்பாகிப் பத்து நாள் சிறையில் இருந்தார். 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இந்தக் கோபத்தின் பின்னால் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. பொது நிலத்தில் நெடுஞ்சாலை போட யாருக்கும் உரிமை உண்டு என்று 1866இல் ஒரே வரியில் எழுதப்பட்ட விதி அது. 1976இல் நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் ஏற்பட்ட உரிமைகள் நீடிக்கும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான பாலைவனத் தடங்கள் தங்கள் சாலைகளே என்று யூட்டா மாநிலமும் அதன் கவுண்டிகளும் வழக்காடி வருகின்றன. மாட்டு வண்டித் தடமா, ஜீப் தடமா, எந்த ஆண்டில் யார் போனார்கள் என்று முதியவர்களின் வாக்குமூலங்கள் நீதிமன்றத்தில் பதிவாகின்றன. 2023இல் மோவாபை ஒட்டிய லேபிரிந்த் பள்ளத்தாக்குப் பகுதியில் சுமார் 510 கிலோமீட்டர் தடங்களை மூட நில மேலாண்மைப் பணியகம் முடிவெடுத்தபோதும் மாநிலமும் ஓட்டுநர் அமைப்புகளும் மேல்முறையீட்டில் இறங்கின.

தனியார் நிலத்தில் விதி சுருக்கமானது. உடையவர் சம்மதித்தால் ஓட்டலாம், இல்லாவிட்டால் அத்துமீறல். சம்மதம் பெறுவதை எளிதாக்க, ஐம்பது மாநிலங்களிலும் ஒரு சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிட்டவர், அங்கே நேரும் விபத்துக்குப் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார். விஸ்கான்சினின் ஸ்னோமொபைல் தடங்களில் பெரும்பகுதி இந்தச் சம்மதத்தில்தான் நிற்கிறது. ஓட்டுநர் மன்றங்களின் ஆட்கள் இலையுதிர்காலத்தில் பண்ணைப் பண்ணையாகப் போய்க் கேட்டு, குறிகள் நட்டு, பனி விழுந்த பின் பாதையைச் சமன்செய்கிறார்கள். குறிகளுக்கு வெளியே போய்ப் பயிர்மேல் ஏறிய ஒரே ஒரு வண்டிக்காக ஒரு பண்ணைக்காரர் மனம் மாறலாம். அவர் மறுத்தால், அந்தக் குளிர்காலத்துக்கு மன்றம் வேறு பண்ணை வழியாகத் தடத்தைத் திருப்ப வேண்டும், அல்லது அந்த இடத்தில் தடத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.